பொறுத்தேன் என்று ஒரு சொல்

அத்தியாயம் பதினேழு

மூன்றாம் ஓலை வாசிக்காமலே நின்றுபோன டோரதியின் கல்யாணத்தை நீங்கள் மறந்திருக்கலாம். உங்களுக்கு ஆயிரம் வேலை. வியாகுலம்மாள் மறக்கவில்லை.

பாலக்கரையில் தையல் மெஷின் வைத்துப் பிழைக்கிறவள் அவள். புருஷன் போய்ப் பத்து வருஷம் ஆகிறது. தாயில்லாத தங்கை டோரதியைத் தூக்கி வளர்த்து, படிக்க வைத்து, ஸ்ரீரங்கத்தில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் நர்சாக்கியது அவள்தான். அந்த டோரதியை ரயில்வே ஆபீஸ் கிளார்க் அருள்நாதன் தானே பார்த்து, தானே வந்து பெண் கேட்டான். இரண்டு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கல்யாண ஓலை வாசித்தார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று பூசை நேரத்தில் சாமியார் வாசிப்பாரே, அந்த ஓலைதான். மூன்றாவது ஞாயிறு வருவதற்குள் மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு தபால் கார்டு வந்துவிட்டது.

"நைட் டியூட்டி என்று சொல்லிக்கொண்டு உங்கள் வருங்கால மருமகள் ஸ்ரீரங்கத்தில் எந்த வீட்டுக்குப் போகிறாள் என்று விசாரித்துக்கொள்ளவும். இப்படிக்கு, உங்கள் நன்மை கோரும் ஸ்ரீரங்கத்து ஐயங்கார் ஒருவர்."

கவர் கூட இல்லை பாருங்கள், கார்டு. தபால்காரர் முதல் தெருக்கோடி வரை படித்துவிட்டுத்தான் உரியவர் கையில் சேர்ந்தது. அருள்நாதனின் அம்மா அற்புதம்மாள் நெஞ்சில் அடித்துக்கொண்டு வாசலில் நின்று அழுதாள். கல்யாணம் நின்றது. ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்கப் போன வியாகுலம்மாளிடம் அந்தக் கார்டையே நீட்டினார்கள். டோரதி வேலையை விட்டுவிட்டு வீட்டோடு உட்கார்ந்தாள்.

இரண்டு மாதமாக வியாகுலம்மாள் அந்தக் கார்டைத் தினம் படித்தாள். எழுதியவன் கையை ஒடிக்க வேண்டும் என்ற வெறியோடு படித்ததில், படிக்க வேண்டியதைப் படிக்காமல் விட்டுவிட்டாள். போன வாரம் ரவிக்கை தைக்கக் கொடுக்க வந்த இருசம்மாள்தான் கண்டுபிடித்துக் கொடுத்தாள். இருசம்மாளுக்கு எழுத்துக் கூட்டக்கூடத் தெரியாது.

"ஐயரு எழுதினதுங்கிறே. மேலே பிள்ளையார் சுழியும் இல்லே, நாமமும் இல்லே. இதென்ன மூணு எழுத்து?" என்றாள்.

வியாகுலம்மாள் பார்த்தாள். கார்டின் தலையில் 'சே. சூ. ம.' என்று இருந்தது. சேசு, சூசை, மரி. வேதக்காரர்கள் பேனாவைத் திறந்தால் கை தானாக முதலில் போடுகிற எழுத்து. கடுதாசியானாலும் சரி, பரீட்சைப் பேப்பரானாலும் சரி, போட்டுவிட்டுத்தான் மறுவேலை. எப்போதும் இருப்பதால் யார் கண்ணிலும் படுவதில்லை. ஸ்ரீரங்கத்து ஐயங்கார் ரங்கநாதரை விட்டுவிட்டு சேசு மரி சூசையை எப்போதிலிருந்து கும்பிட ஆரம்பித்தார்?

அதிலும் ஒரு விசேஷம். ஊரெல்லாம் 'சே. ம. சூ.' என்று மாதாவை நடுவில் வைத்துத்தான் எழுதும். இந்தக் கை மட்டும் சூசையப்பரை முன்னே தள்ளியிருந்தது. அந்தக் கை யாருடையது என்று வியாகுலம்மாளுக்குத் தொண்ணூறு பங்கு தெரியும். மிச்சம் பத்துப் பங்குக்காகத்தான் செப்டம்பர் முதல் வாரத்தில், விடிகாலைப் பூசை முடிந்ததும், தங்கையையும் ஒரு துணி மூட்டையையும் இழுத்துக்கொண்டு பாலக்கரைக் கோயில் வாசலில் வந்து நின்றாள்.

வேளாங்கண்ணித் திருநாளுக்குக் கால்நடையாகப் போகும் கூட்டம் அங்கே கிளம்பிக்கொண்டிருந்தது. முப்பது முப்பத்தைந்து பேர். அரிசியும் அண்டாவும் ஏற்றிய மாட்டு வண்டி ஒன்று. நடுவில் மரச்சிலுவையைப் பிடித்துக்கொண்டு தைரியராஜ் உபதேசியார். கூட்டத்தை வருஷா வருஷம் நடத்திக்கொண்டு போகிறவர் அவர்தான். முன்வரிசையில், புதுக் காவிச் சேலை கட்டிக்கொண்டு, அற்புதம்மாள்.

உபதேசியார் வியாகுலம்மாளைப் பார்த்ததும் திகைத்தார்.

"வியாகுலம், பேர் கொடுக்கிற நாள் போன ஞாயித்துக்கிழமையோட முடிஞ்சு போச்சேம்மா."

"மாதாகிட்ட போறதுக்கும் கடைசித் தேதி உண்டுங்களா, ஐயா?"

அவர் ஓரக்கண்ணால் அற்புதம்மாளைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"அதுக்கில்லேம்மா. நம்ம கூட்டத்துக்கு ஒரு முறை இருக்கு. முதல் நாள் சாயங்காலம் எல்லாரும் எல்லார்கிட்டயும் சமாதானம் கேக்கணும். 'என் பிழையைப் பொறுங்க'ன்னு கேட்டா, 'பொறுத்தேன்'னு வாய் திறந்து சொல்லணும். சொல்லலேன்னா ரெண்டு பேருமே மறுநாள் காலையில பஸ் ஏறித் திரும்பிடணும். பகையோட ஒரு ஜோடி நடந்தாலும் கூட்டத்துக்கே ஆகாது."

"தெரியுங்க. அதுக்குத்தான் வரேன்."

"சமாதானத்துக்கா?" உபதேசியாரின் முகம் மலர்ந்துவிட்டது.

"ஆமாங்க" என்றாள் வியாகுலம்மாள். கோயில் வாசலில் நின்றுகொண்டு கண் இமைக்காமல் பொய் சொன்னாள். அதற்காக அவளுக்கு வெட்கமும் இல்லை, பயமும் இல்லை. மாதாவுக்கும் ஒரு பிள்ளை இருந்தது, அதைப் பொய்ச் சாட்சி சொல்லித்தான் கொன்றார்கள், அவளுக்குத் தெரியும் என் வயிற்றெரிச்சல் என்று நினைத்துக்கொண்டாள்.

கூட்டம் நடந்தது. சிலுவை முன்னே, நீலக் கொடி பின்னே, செபமாலை வாயில். மெயின் கார்டு கேட் பக்கம் போகிற பஸ்கள் ஓரம் கட்டி வழிவிட்டன. அரியமங்கலம் தாண்டும்போது வெயில் ஏறிவிட்டது. வெறுங்காலில் தார் ரோடு சுட்டது.

அற்புதம்மாளின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. செபமாலையின் ஒவ்வொரு பத்து மணிக்கும் நடுவில் அவளுக்குச் சொல்ல ஒரு விஷயம் இருந்தது. அருள்நாதனுக்குத் தஞ்சாவூரில் பெண் பேசியிருக்கிறது. ரைஸ் மில்லுக்காரர் வீடு. திருநாள் முடிந்து வந்ததும் புது ஓலை. அது நல்லபடியாக முடிய மாதாவுக்கு நேர்ந்துகொண்ட பொருத்தனைக்காகத்தான் அவள் நடக்கிறாள். நாளை மறுநாள் மத்தியானம் கூட்டம் தஞ்சாவூர் போய்ச் சேரும்போது, அத்தனை பேருக்கும் சம்பந்தி வீட்டில்தான் சாப்பாடு.

"அருள்நாதன் லீவு போட்டுட்டு ரயில்ல வந்துடுவான். அத்தனை பேர் காலையும் சம்பந்தியம்மாவே கழுவி உக்கார வைக்கணும்னு சொல்லியிருக்காங்க. அப்படிப்பட்ட குடும்பம்" என்றாள்.

பின்வரிசையில் டோரதி தலையைக் குனிந்துகொண்டு நடந்தாள். வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து அவள் பேசியது இரண்டே வார்த்தை.

"நாம எதுக்குக்கா போறோம்?" என்று இப்போது கேட்டாள்.

"மாதாவைப் பாக்க."

"இடுப்புல கார்டை எதுக்குச் செருகியிருக்கே?"

"மாதாவுக்குக் காட்ட."

"மாதாவுக்கு மட்டுமா?"

வியாகுலம்மாள் நடையை எட்டிப் போட்டாள். இந்தப் பெண் ஏன் இப்படி உப்புச் சப்பில்லாமல் இருக்கிறாள் என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. கார்டின் தலையில் இருந்த மூன்று எழுத்தைப் பற்றிப் போன வாரம் சொன்னபோதுகூட, "அப்படியா" என்றாளே தவிர வேறு ஒரு சொல் இல்லை. இடித்து வைத்த புளி மாதிரி உட்கார்ந்திருந்தாள். யாருக்காக இந்த அலைச்சல்?

திருவெறும்பூர் மலைக்கோயில் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் அற்புதம்மாள் நடையைத் தாமதித்து, அக்கா தங்கை வரிசைக்கு வந்து சேர்ந்துகொண்டாள்.

"என்ன டோரதி, இளைச்சுப் போயிட்டே. வேலையை விட்டுட்டியாமே. நல்லதுதான். பொண்ணு வீட்டோட இருந்தா ஊர் வாய் தானா மூடிக்கும்."

டோரதி செபமாலையை உருட்டிக்கொண்டே நடந்தாள்.

"ஊர் வாய் திறந்தா தானேங்க மூடறதுக்கு" என்றாள் வியாகுலம்மாள். "திறந்து விட்டவங்க யாருன்னுதான் தெரியலை."

"நாராயணா, நாராயணான்னு ஸ்ரீரங்கத்துல இருக்கறவங்களுக்கு நம்ம பொண்ணுங்க மேல என்ன விரோதமோ" என்று பெருமூச்சு விட்டாள் அற்புதம்மாள். "நான் அதையெல்லாம் மறந்துட்டேன் வியாகுலம். நீயும் மறந்துடு."

மறந்துவிட்டாளாம். வியாகுலம்மாள் பல்லைக் கடித்ததில் தாடை வலித்தது.

மத்தியானம் திருவெறும்பூரில் ஒரு புளியந்தோப்பில் இறங்கினார்கள். புளிச்சோறும் துவையலும் ஆனபின், உபதேசியார் ஆளுக்கொரு காகிதத் துண்டு கொடுத்தார். அவரவர் விண்ணப்பத்தை எழுதி மடித்துக் கொடுக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டு வேளாங்கண்ணியில் மாதா பாதத்தில் வைப்பார். எழுதத் தெரியாதவர்களுக்கு அவரே எழுதுவார். இருசம்மாளும் வந்திருந்தாள், கல்யாணமாகி ஆறு வருஷமாகியும் பிள்ளையில்லாத மகளுக்காக. அவள் சொல்லச் சொல்ல உபதேசியார் எழுதினார். "மேலே சுழி போடுங்க சாமி" என்றாள் அவள். "மாதா கடுதாசிக்குச் சுழி எதுக்கும்மா" என்று அவர் தம் பழக்கப்படி 'சே. ம. சூ.' போட்டுக்கொடுத்தார்.

இந்தக் காகிதத்துக்காகத்தான் வியாகுலம்மாள் ஆறு மைல் நடந்து வந்திருந்தாள்.

"ஐயா, நான் வாங்கி வாங்கித் தரேன், நீங்க உக்காருங்க" என்று எழுந்துகொண்டாள்.

உபதேசியாருக்கு ஒரு குணம். உள்ளே எழுதியிருப்பதைப் படிக்க மாட்டார். தலைப்பை மட்டும் பிரித்துப் பார்ப்பார். தலைப்பில்லாத விண்ணப்பத்தை மாதா எப்படி வாங்குவாள் என்பது அவர் கட்சி. அற்புதம்மாளின் சீட்டை வியாகுலம்மாள் வாங்கி, பிரிக்காமல் அவரிடம் கொடுத்தாள். அவர் மேல் மடிப்பைத் திறந்தார்.

"என்னம்மா இது, மாதாவைப் பார்க்கப் போறோம், மாதாவையே கடைசியில தள்ளிட்டீங்களே. சே, சூ, மன்னு போட்டிருக்கீங்க."

அற்புதம்மாள் சிரித்தாள்.

"எங்க ஊர்ல அப்படித்தாங்க. சூசையப்பர் கோயில் பங்கு இல்லீங்களா? குடும்பம்னா ஆம்பளை முன்னாடி, பொம்பளை பின்னாடின்னு எங்க வாத்தியார் சொல்லிக் குடுத்தார். மூணாங் கிளாஸ்ல வந்த பழக்கம், கை மாத்தி எழுத மாட்டேங்குது."

எல்லாரும் சிரித்தார்கள். உபதேசியாரும் சிரித்துக்கொண்டே சீட்டைப் பையில் போட்டார்.

வியாகுலம்மாள் இடுப்பிலிருந்த கார்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். மிச்சமிருந்த பத்துப் பங்கும் வந்து சேர்ந்துவிட்டது. கார்டில் கையெழுத்தை மாற்றியிருக்கிறாள், ஊரை மாற்றியிருக்கிறாள், சாமியையே மாற்றியிருக்கிறாள். தலையில் போட்ட மூன்று எழுத்தை மட்டும் கை தன் பாட்டுக்கு எழுதிவிட்டது. தன் வீட்டுக்குத் தானே மொட்டைக் கடுதாசி போட்டுக்கொண்டு, தானே வாசலில் நின்று நெஞ்சில் அடித்துக்கொண்டிருக்கிறாள் மகராசி.

அந்த நிமிஷமே கொண்டையைப் பிடித்து ரோட்டுக்கு இழுத்துவிடலாம் போலிருந்தது. அடக்கிக்கொண்டாள். ஆக்கப் பொறுத்தவள் ஆறப் பொறுக்க மாட்டாளா? தோப்பில் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். சாயங்காலம் எல்லாரும் விழித்திருப்பார்கள், எதிரெதிரே நிற்பார்கள், நிற்க வேண்டியது முறை. எந்தப் பாலக்கரை வாய்கள் டோரதியை மென்றனவோ, அந்த வாய்கள் அத்தனையும் இங்கேதான் இருந்தன. அவர்கள் காது கேட்க அவள் பெயர் சுத்தமாக வேண்டும். அதற்கப்புறம் அற்புதம்மாள் தஞ்சாவூர் பார்க்கக் கூடாது. பொருத்தனை முறிந்து, கூட்டத்திலிருந்து கழித்துவிடப்பட்டவளாகப் பஸ்ஸில் பாலக்கரை வந்து இறங்க வேண்டும். கூடவே தானும் இறங்க வேண்டியிருக்கும். இறங்கினால் போகிறது.

டோரதியை வண்டி மறைவுக்கு இழுத்துப் போய் விஷயத்தைச் சொன்னாள். டோரதி கேட்டுக்கொண்டே கால் விரலில் ஒட்டியிருந்த தாரைக் கல்லால் சுரண்டினாள்.

"தஞ்சாவூர்ச் சாப்பாட்டுக்கு அவரும் வராராமேக்கா?" என்றாள்.

"எவரு?"

"அவங்க மகன்."

வியாகுலம்மாளுக்கு வந்த கோபத்தில் தங்கையையே அறைந்திருப்பாள்.

"நான் என்ன சொல்லிக்கிட்டிருக்கேன், நீ என்ன கேக்கறே? ரெண்டு மாசமா எட்டிப் பாக்காத ஆம்பளை வந்தா என்ன, வராட்டி என்ன? உனக்கு ரோஷம்னு ஒண்ணு இருக்கா?"

"கேட்டேன், அவ்வளவுதான்" என்றாள் டோரதி.

துவாக்குடிக்கு வந்து சேரும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஊருக்கு வெளியே ஒரு குளத்தங்கரை. வண்டி மாட்டை அவிழ்த்துவிட்டு, முகம் கால் கழுவிக்கொண்டு வந்து, எல்லாரும் இரண்டு வரிசையாக எதிரெதிரே நின்றார்கள். அற்புதம்மாளுக்கு இரண்டு பாதத்திலும் கொப்புளம். நொண்டிக்கொண்டுதான் நின்றாள்.

சமாதானம் தொடங்கியது. ஒருவர் கும்பிட்டு, "என் பிழையைப் பொறுங்க" என்பார். எதிரே இருப்பவர் "பொறுத்தேன்" என்பார். பிறகு இவர் கேட்க அவர் சொல்வார். அடுத்தவருக்கு நகர்வார்கள். வாய்க்கால் தகராறு, கோழி தகராறு, வாடகைத் தகராறு எல்லாம் அந்த ஒரு சொல்லில் கரைந்துகொண்டிருந்தது. சிலர் அழுதார்கள். இருசம்மாள், யாரென்றே தெரியாதவர்களிடமெல்லாம் மன்னிப்புக் கேட்டு, பொறுத்தேன் பொறுத்தேன் என்று தாராளமாக வழங்கிக்கொண்டு வந்தாள்.

அற்புதம்மாள் வியாகுலம்மாளுக்கு எதிரே வந்து நின்றாள். வரிசையில் தலைகள் திரும்பின. இதைப் பார்க்கத்தான் பலர் காத்திருந்தார்கள்.

"என் பிழையைப் பொறு, வியாகுலம்."

"எந்தப் பிழையைங்க?"

அற்புதம்மாள் இதை எதிர்பார்க்கவில்லை. "மனுஷப் பிறவி தானே. தெரிஞ்சும் தெரியாமலும் ஆயிரம் இருக்கும்."

"ஆயிரம் வேணாங்க. ஒண்ணே ஒண்ணு இருக்கு. அதைப் பேர் சொல்லிக் கேளுங்க. பொறுத்துக்கறேன்."

"எனக்கு ஒண்ணும் தெரியலையே."

வியாகுலம்மாள் இடுப்பிலிருந்து கார்டை எடுத்து உபதேசியாரிடம் நீட்டினாள்.

"ஐயா, உள்ளே இருக்கிறதைப் படிக்காதீங்க, அது இங்கே எல்லாருக்கும் மனப்பாடம். தலைப்பை மட்டும் பாத்துச் சொல்லுங்க. ஸ்ரீரங்கத்து ஐயங்கார் என்ன போட்டிருக்கார்?"

உபதேசியார் கார்டை மேற்கு வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார். அவர் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. துணிப்பை அவர் தோளில்தான் தொங்கியது. அதற்குள் கையை விட்டு எதையும் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

"சத்தமா, ஐயா."

"சே. சூ. ம." என்றார் அவர்.

மத்தியானம் சிரித்த அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். ஒருத்தரும் சிரிக்கவில்லை. "அடி ஆத்தே" என்று இருசம்மாள் மட்டும் தாடையில் கை வைத்தாள்.

அற்புதம்மாள் சுற்றிலும் பார்த்தாள். எந்த முகமும் கை கொடுக்கவில்லை. கொப்புளக் காலோடு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"நான்தான் எழுதினேன்" என்றாள். "நானே பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போய் அம்மாமண்டபத்துக்கிட்ட தபால் பெட்டியில போட்டேன். என்ன பண்ணச் சொல்றே? நல்ல எடம் தேடி வந்துச்சு. பிள்ளை பிடிச்ச பிடியில நின்னான். அவங்க அப்பாவும் அவன் பக்கம். வீட்டுல என் பேச்சு எடுபடலை. டோரதி மேல எனக்கு ஒண்ணும் இல்லே. அவ தங்கமான பொண்ணு. அந்தக் கார்டுல எழுதினது அத்தனையும் பொய். போதுமா?"

கைகளைக் குவித்தாள். "பேர் சொல்லிட்டேன். பொறுத்துக்க, வியாகுலம்."

இதற்காகத்தானே இரண்டு மாதம் தூங்காமல் கிடந்தாள்? எல்லாம் கிடைத்தாயிற்று. தங்கமான பொண்ணு என்று எதிரியின் வாயாலேயே வந்தாயிற்று. ஆனாலும் வியாகுலம்மாளுக்கு வயிறு குளிரவில்லை. இன்னும் வேண்டும் என்றிருந்தது.

"பொறுக்க மாட்டேன்" என்றாள்.

உபதேசியார் பதறிப் போனார். "பேர் சொல்லிக் கேட்டா பொறுத்துக்கறேன்னு இப்பத்தானேம்மா சொன்னே?"

"சொன்னேன். பொய் சொன்னேன். அவங்க பொய் சொல்றதுக்குக் கார்டு வாங்கினாங்க, எனக்கு அதுகூட வேண்டியிருக்கலே. காலையில பஸ்ஸுக்கு ரெண்டு டிக்கெட் போடுங்க, ஐயா. அவங்களும் வேணாம், நானும் வேணாம்."

"ஐயோ, என் பொருத்தனை" என்று அற்புதம்மாள் உபதேசியாரின் பக்கம் திரும்பினாள். "சம்பந்தி வீட்டுக்கு நான் என்ன சொல்லுவேன்? நான் இல்லாம கூட்டம் போய் நின்னா ஏன்னு கேப்பாங்களே. வியாகுலம், உன் கால்ல வேணா விழறேன், அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிடு."

வியாகுலம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இப்போதுதான் கொஞ்சம் குளிர்ந்தது.

அப்போது டோரதி வரிசையிலிருந்து வெளியே வந்தாள். மூட்டையை அவிழ்த்து, ஆஸ்பத்திரி நாட்களிலிருந்து மிச்சமிருந்த பஞ்சையும் களிம்பு டப்பாவையும் எடுத்துக்கொண்டு அற்புதம்மாளின் காலடியில் உட்கார்ந்தாள்.

"காலை நீட்டுங்க, அத்தை."

அத்தை என்ற சொல்லைக் கேட்டு வியாகுலம்மாள் துடித்துத் திரும்பினாள். "டோரதி, எழுந்திரு."

"கார்டு என்னைப் பத்திக்கா. உன்னைப் பத்தி இல்லே" என்றாள் டோரதி. குரல் உயரவில்லை. ஆனால் வியாகுலம்மாள் வாயை மூடிக்கொண்டாள். கொப்புளத்தைத் துடைத்துக்கொண்டே டோரதி சொன்னாள்: "நான் பொறுத்தேன், அத்தை."

அற்புதம்மாள் அவள் தலையில் கை வைத்து அழுதாள். கூட்டத்தில் பலருக்குக் கண் கலங்கிற்று. உபதேசியார் சிலுவை போட்டுக்கொண்டார். வியாகுலம்மாளுக்கோ, சமைத்து வைத்த சோற்றை நாய் இழுத்துக்கொண்டு போனது போலிருந்தது. வளர்த்த கடா என்று வாய் வரை வந்துவிட்டது.

டோரதி களிம்பைத் தடவினாள். துணியைக் கிழித்துக் கட்டினாள். நர்ஸ் கை, வலிக்காமல் கட்டியது.

"நாளைக்கு நடந்துடலாம்" என்றாள். "நான் உங்க பக்கத்துலயே வரேன். உங்க கையைப் பிடிச்சுக்கறேன். நாளன்னைக்கு மத்தியானம் சம்பந்தி வீட்டுக்கும் உங்க கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் உள்ளே வருவேன். காலைக் கழுவ வருவாங்களே அந்த அம்மா, இந்தப் பொண்ணு யாருன்னு கேப்பாங்க. நான் வாயைத் திறக்க மாட்டேன். நீங்கதான் சொல்லணும்."

அற்புதம்மாளின் அழுகை நின்றது.

"உங்க மகனும் எதிர்ல இருப்பார். அவரையும் கேக்கச் சொல்லுங்க. இப்ப இங்கே சொன்னீங்களே, அம்மாமண்டபம், தபால் பெட்டி, தங்கமான பொண்ணு, அதே மாதிரி அங்கேயும் சொல்லிடுங்க. நீங்க சொல்றவரைக்கும் நான் இலையில கை வைக்க மாட்டேன்."

"டோரதி, வேணாம்மா." அற்புதம்மாள் கட்டுப் போட்ட காலை இழுத்துக்கொண்டாள். "எனக்குக் கால் முடியலே. நான் இங்கேருந்தே திரும்பிடறேன்."

"திரும்புங்க. கூட்டத்துக்கு முப்பது சாப்பாடு சொல்லியிருக்கு, நாங்க போவோம். அப்ப யாருன்னு கேட்டா நானே சொல்லிடறேன்."

வியாகுலம்மாள் தங்கையைப் பார்த்தாள். இருபத்து மூன்று வருஷம் வளர்த்த பெண்ணை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்க்கிறாள். காலையில் கேட்ட கேள்வியும் மத்தியானம் கேட்ட கேள்வியும் எதற்கென்று இப்போது புரிந்தது. ரோஷம் இருக்கிறதா என்று தான் கேட்டதை நினைத்து வெட்கமாகக்கூட இருந்தது. இத்தனை நாள் இவளுக்காகத் தான் வஞ்சம் சுமப்பதாக அல்லவா நினைத்திருந்தாள்?

உபதேசியார் தொண்டையைக் கனைத்தார். முறை முறைதான். டோரதி சொன்னது டோரதியோடு. வியாகுலம்மாள் இன்னும் சொல்லவில்லை. அவள் சொல்லாவிட்டால், அவளும் அற்புதம்மாளும் காலையில் பஸ் ஏற வேண்டும், அக்காவை விட்டுத் தங்கை தனியாக நடக்க அவர் விடமாட்டார். தஞ்சாவூர் அவர்கள் யாருக்கும் இல்லை.

அது அற்புதம்மாளுக்கும் உறைத்தது. தவழ்ந்து வந்து வியாகுலம்மாளின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லிடாதே, வியாகுலம். உனக்குப் புண்ணியமாப் போகும். நீ வைராக்கியக்காரி, சொன்ன சொல்லுல நில்லு. பொறுக்க மாட்டேன்னு சொன்னியே, பொறுக்காதே. காலையில நாம ரெண்டு பேரும் பஸ்ஸுல போயிடலாம்."

வியாகுலம்மாள் குனிந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாகத் தன் சேலையிலிருந்து பிரித்தாள். பிறகு நிமிர்ந்து, வரிசையின் கடைசியில் நிற்பவர்களுக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"பொறுத்தேன்."